வில்லியம் விக்ரி

வில்லியம் ஸ்பென்சர் விக்ரி (ஜூன் 21, 1914 – அக்டோபர் 11, 1996) கனடாவில் பிறந்து ஐக்கிய அமெரிக்காவில் வாழ்ந்த பொருளியலாளர் ஆவார். நியூயார்க்கில் உள்ள கொலம்பியா பல்கலைக்கழகத்தில் நீண்டகாலம் பேராசிரியராகப் பணியாற்றினார். 1996 ஆம் ஆண்டுக்கான பொருளியல் நோபல் பரிசை ஜேம்ஸ் மிர்லீசுடன் பகிர்ந்து கொண்டார். பரிசு அறிவிக்கப்பட்ட மூன்றாம் நாள் காலமானார்.

ஏலக் கோட்பாட்டின் வழியாகவே பாடநூல்களில் இவர் பெயர் பெரிதும் அறியப்படுகிறது. ஆனால் இவர் மிகுந்த உழைப்பைச் செலவிட்டது நகரப் போக்குவரத்தில் ஆகும். நெரிசலை எதைக் கொண்டு அளப்பது, எவ்வளவு நெரிசலைப் பொறுத்துக் கொள்வது, அந்த அளவுக்குள் அதை நிறுத்த என்ன செய்வது ஆகிய கேள்விகளுக்கு நாற்பது ஆண்டுகளுக்கும் மேலாக இவர் விடை தேடினார். நெரிசல் நேரத்தில் சாலையைப் பயன்படுத்துவோரிடம் கட்டணம் பெறும் முறைக்குத் தந்தை என இவர் பலராலும் குறிப்பிடப்படுகிறார்.

இளமையும் கல்வியும்

விக்ரி கனடாவின் பிரித்தானியக் கொலம்பியா மாநிலத்தைச் சேர்ந்த விக்டோரியா நகரில் பிறந்தார். பள்ளிக் கல்வியை ஐரோப்பாவிலும் ஐக்கிய அமெரிக்காவிலும் பெற்றார். 1935 ஆம் ஆண்டில் யேல் பல்கலைக்கழகத்தில் கணிதத்தில் இளநிலைப் பட்டமும், 1937 ஆம் ஆண்டில் கொலம்பியாவில் பொருளியலில் முதுநிலைப் பட்டமும் பெற்றார். பின்னர் வாஷிங்டனில் அரசுத் திட்டமிடல் வாரியத்திலும் கருவூலத் துறையின் வரி ஆய்வுப் பிரிவிலும் பணிபுரிந்தார். வருமானம் ஆண்டுக்கு ஆண்டு ஏறி இறங்குவோருக்குப் பல ஆண்டுகளின் சராசரியைக் கொண்டு வரி விதிக்கும் முறையை 1939 இல் முன்வைத்தபோது அவருக்கு வயது 25.

குவேக்கர் சமயப் பிரிவைச் சேர்ந்த விக்ரி போரை ஏற்காதவர். எனவே இரண்டாம் உலகப்போரின்போது படையில் சேர மறுத்து, அத்தகையோருக்காக ஏற்படுத்தப்பட்ட குடிமைப் பணியில் ஈடுபட்டார். அப்பணியின் ஒரு பகுதியாகப் புவேர்ட்டோ ரிக்கோவுக்கு மரபுரிமைச் சொத்து வரி ஒன்றை வடிவமைத்தார். 1946 இல் கொலம்பியாவில் ஆசிரியரானார். முற்போக்கு வரிவிதிப்புப் பற்றிய அவரது முனைவர் பட்ட ஆய்வு 1947 இல் நூலாக வெளிவந்தது. போருக்குப் பின் யப்பானின் வரி அமைப்பைச் சீரமைக்கச் சென்ற கார்ல் ஷூப் குழுவிலும் அவர் இடம்பெற்றிருந்தார்.

வரி ஆய்வாளராகத் தொடங்கியவர் போக்குவரத்துக்கு வந்தது தற்செயல் அன்று. ஒருவர் தம் செயலால் பிறர்மீது சுமத்தும் செலவை எவ்வாறு அவர் கணக்கிலேயே சேர்ப்பது என்பதே இரண்டு துறைகளிலும் அவர் எழுப்பிய கேள்வி.

சுரங்கத் தொடர்வண்டிக் கட்டண ஆய்வு

நியூயார்க் சுரங்கத் தொடர்வண்டியில் 1904 இல் இருந்து 1948 வரை கட்டணம் 5 சென்ட்டாகவே இருந்தது. எவ்வளவு தூரம் சென்றாலும், எந்த நேரத்தில் ஏறினாலும் அதே 5 சென்ட். அதனை உயர்த்தும் துணிவு எந்த மேயருக்கும் வரவில்லை. 1948 இல் அது 10 சென்ட் ஆனபின்னும் நட்டம் தொடர்ந்தது. இந்நிலையில் நகர நிருவாகத்தை ஆராய மேயர் அமைத்த குழு, கட்டண அமைப்பைப் பற்றி ஆய்வு செய்யும் பணியை விக்ரியிடம் ஒப்படைத்தது. அவரது அறிக்கை 1952 இல் வெளியானது.

கட்டணத்தை எவ்வளவு உயர்த்தினால் நட்டம் தீரும் என்ற கேள்விக்குத்தான் நகரம் விடை எதிர்பார்த்தது. விக்ரியோ கேள்வியையே மாற்றினார். நண்பகலில் பாதி காலியாக ஓடும் வண்டியில் கூடுதலாக ஒருவர் ஏறுவதால் நிருவாகத்துக்கு ஏறத்தாழ எந்தச் செலவும் இல்லை. காலை நெரிசலில் மன்காட்டனை நோக்கிச் செல்லும் வண்டியில் அதே ஒருவர் ஏறினால், ஏற்கெனவே நெருக்கி நிற்கும் அனைவருக்கும் இடைஞ்சல் கூடுகிறது. காலப்போக்கில் கூடுதல் வண்டியும் தடமும் கட்ட வேண்டி வருகிறது. இரு பயணிகளிடமும் ஒரே கட்டணம் பெற்றால், முதலாமவரை வீணாக விரட்டுகிறோம், இரண்டாமவருக்கு வீணாகச் சலுகை தருகிறோம் என்பது அவரது வாதம். ஆகவே நேரத்துக்கும் இடத்துக்கும் ஏற்பக் கட்டணம் மாற வேண்டும் என்றார்.

இதனைச் செயல்படுத்தும் பொறியையும் அவரே சிந்தித்தார். பயணி நுழையும்போது ஒரு நாணயத்தை இட்டு, ஏறிய பகுதியைக் குறிக்கும் வில்லையைப் பெறுவார். வெளியேறும்போது அவ்வில்லையைப் பொறியில் இட்டால், பயணத்தின் இடத்துக்கும் நேரத்துக்கும் உரிய கட்டணம் போக மீதிச் சில்லறை திரும்பக் கிடைக்கும். இன்று அட்டையைத் தொட்டு நுழைந்து, தொட்டு வெளியேறும் தொடர்வண்டி நிலையங்களில் நடப்பதும் அடிப்படையில் இதுவே. கணினி பரவாத காலத்தில் எந்திரப் பற்சக்கரங்களைக் கொண்டே இதைச் செய்ய முடியும் என அவர் கருதியது வியப்புக்குரியது. நகரம் பரிந்துரையை ஏற்கவில்லை. 1953 இல் கட்டணம் அனைவருக்கும் 15 சென்ட்டாக உயர்த்தப்பட்டது.

தெருவோர வாகன நிறுத்தம்

1954 இல் தெருவோரத்தில் கார் நிறுத்தும் இடத்தைப் பற்றி விக்ரி ஒரு கட்டுரை எழுதினார். அளவிடக்கூடிய ஓர் இலக்கை நிருணயித்து, அதை எட்டும்படி விலையை நகர்த்துவது என்னும் முறை இதில் தெளிவாகக் காணப்படுகிறது. கட்டணம் இவ்வளவு என்று முன்கூட்டியே முடிவு செய்வதற்குப் பதிலாக, எப்போதும் சில இடங்களாவது காலியாக இருக்க வேண்டும் என்பதை இலக்காகக் கொள்ளச் சொன்னார். தெரு நிரம்பும் வேளையில் கட்டணம் ஏறும், காலியாகும் வேளையில் குறையும், மிகுதியாகக் காலியிருந்தால் இலவசமாகவே விடலாம். இடம் தேடித் தெருவைச் சுற்றிவரும் கார்களும் நெரிசலுக்கு ஒரு காரணம் என்பதால், இது சிறு செய்தி அன்று. பிற்காலத்தில் டொனால்ட் ஷூப் இக்கருத்தை விரிவாக வளர்த்தெடுத்தார். சான் பிரான்சிஸ்கோ நகரம் 2011 இல் உணர்கருவிகளைக் கொண்டு நிறுத்திடங்களின் நிரம்பலை அளந்து, 60 முதல் 80 விழுக்காடு வரை நிரம்பியிருப்பதை இலக்காக வைத்துக் கட்டணத்தை மாற்றத் தொடங்கியது.

வாஷிங்டன் திட்டம்

1959 இல், வாஷிங்டன் மாநகரச் சிக்கல்களை ஆராய்ந்த அமெரிக்கக் காங்கிரசின் கூட்டுக் குழுவின் முன் விக்ரி சான்றளித்தார். ஒவ்வொரு காரிலும் ஓர் அடையாள மின்கருவியைப் பொருத்த வேண்டும், சந்திப்புகளில் உள்ள வருடிகள் கார் கடந்து செல்வதைப் பதிவு செய்ய வேண்டும், இடத்துக்கும் நேரத்துக்கும் ஏற்பக் கணக்கிட்டுத் தொலைபேசிக் கட்டணம் போல மாதந்தோறும் சீட்டு அனுப்ப வேண்டும் என்பது அவர் முன்வைத்த திட்டம். அன்று இது விந்தைக் கதை போல ஒலித்தது. நடக்கக்கூடியதே என்று காட்ட, தம் சொந்தக் காரில் எளிய வானொலி அலைபரப்பி ஒன்றைப் பொருத்தி, கணினியின் உதவியுடன் நண்பர்களுக்குச் செய்து காட்டினார்.

அக்காலத்தில் நகர நிருவாகங்கள் நெரிசலைச் சாலையின் பற்றாக்குறையாகவே கண்டன. சாலையை அகலப்படுத்துவதே தீர்வு எனக் கருதப்பட்டது. அதன் விலையை விக்ரி 1963 ஆம் ஆண்டுக் கட்டுரையில் கணக்கிட்டுக் காட்டினார். வாஷிங்டன் பகுதிக்கான திட்டத்தின்படி, நெரிசல் நேரத்தில் கூடுதலாகச் சேரும் ஒவ்வொரு காருக்கும் பொதுப்பணத்தில் இருந்து சுமார் 23,000 டாலர் முதலிட வேண்டியிருந்தது. அது காரின் விலையைப் போலப் பன்மடங்கு. காரை வாங்குபவர் தமக்குத் தெரியாமலேயே ஊராரையும் செலவு செய்ய வைக்கிறார் என்பதை இந்த ஒரு கணக்கு விளங்க வைத்தது.

நெரிசலை அளத்தல்

நெரிசலைச் சராசரி வேகத்தால் அளப்பது வழக்கம். மணிக்கு இத்தனை கிலோமீட்டர் என்று ஓர் எண் கிடைத்துவிடுகிறது. ஆனால் அந்த எண் யார் யாருக்கு இடைஞ்சல் செய்தார் என்பதைச் சொல்வதில்லை. விக்ரியின் அளவை வேறு. சாலையில் கூடுதலாக நுழையும் ஒரு வாகனம், மற்ற எல்லோருக்கும் சேர்த்து எவ்வளவு தாமதத்தை உண்டாக்குகிறது என்பதையே அவர் அளக்க விரும்பினார்.

ஓர் எடுத்துக்காட்டைப் பார்க்கலாம். ஒரு சாலையில் 1,000 கார்கள் உள்ளன, அதைக் கடக்க ஒவ்வொன்றுக்கும் 10 நிமிடம் ஆகிறது எனக் கொள்வோம். புதிதாக ஒரு கார் நுழைவதால் ஒவ்வொருவருக்கும் ஒரே ஒரு நொடி கூடுகிறது. எவரும் அதை உணரப் போவதில்லை. ஆனால் கூட்டினால் 1,000 நொடிகள், அதாவது ஏறத்தாழ 17 நிமிடங்கள். புதிதாக வந்தவர் தாம் செலவிட்ட 10 நிமிடத்தையே அறிவார். அவர் பிறரிடமிருந்து எடுத்துக்கொண்ட 17 நிமிடம் அவர் கணக்கில் இல்லை. அந்த 17 நிமிடத்தின் பணமதிப்பே அவர் செலுத்த வேண்டிய கட்டணம்.

இக்கருத்தின் வேர் ஆர்தர் பிகூவின் 1920 ஆம் ஆண்டு நூலில் உண்டு. விக்ரி அதை நாள்தோறும் மணிதோறும் கணக்கிடத்தக்க பொறியியல் சிக்கலாக மாற்றினார். இதிலிருந்து கிடைக்கும் இன்னொரு முடிவும் கவனத்துக்கு உரியது. நெரிசலே இல்லாத சாலை நல்ல இலக்கு அல்ல. காலியான சாலை என்பது வீணான முதலீடு. பிறருக்கு ஏற்படும் தாமதத்தைச் செலுத்திய பின்னும் எவருக்குப் பயணம் தேவையோ அவர் செல்லட்டும். அப்போது எஞ்சும் நெரிசல் ஏற்கத்தக்க நெரிசல்.

குறுகிடக் கோட்பாடு

1969 இல் வெளியான ஒரு கட்டுரையில் விக்ரி நெரிசலை ஆறு வகையாகப் பிரித்தார். இரண்டு வாகனங்கள் மட்டும் ஒன்றையொன்று தாமதப்படுத்துவது முதல், பகுதி முழுவதும் வாகனங்களின் அடர்த்தியால் திணறுவது வரை அவ்வகைகள் நீள்கின்றன. ஓரிடத்தில் நின்ற வரிசை பின்னோக்கி வளர்ந்து, அவ்வழியே போகத் தேவையில்லாத வாகனங்களையும் சந்திப்பில் அடைத்துவிடுவதை அவர் தனி வகையாக வைத்தார். மழைநாளில் எந்தப் பெருநகரிலும் காணக்கூடிய காட்சி இது.

அவ்வகைகளுள் குறுகிடம் பற்றிய பகுதியே பெரும் புகழ் பெற்றது. அகன்ற சாலை ஒரு பாலத்திலோ சுரங்கவழியிலோ ஒடுங்கும் இடத்தைக் குறுகிடம் எனலாம். பாலம் நிமிடத்துக்கு 100 கார்களைக் கடத்தும், 6,000 பேர் காலை 9 மணிக்குப் பாலத்தைக் கடந்திருக்க விரும்புகின்றனர் என்க. எல்லோரும் கடக்க ஒரு மணி நேரம் ஆகும். ஆகவே சிலர் 8.15 க்கே கடக்க வேண்டும், சிலர் 9.15 க்குத்தான் கடக்க இயலும். அதிகாலையில் வருவோர் காத்திருக்காமல் செல்கின்றனர், ஆனால் அலுவலகத்தில் வெறுமனே அமர்ந்திருக்க நேர்கிறது. சரியாக 9 மணிக்குக் கடப்பவர் நீண்ட வரிசையில் நின்று அதற்கு விலை கொடுக்கிறார். எந்த நேரத்தில் சென்றாலும் மொத்தத் தொல்லை ஒன்றே என்ற நிலையில் வரிசை சமநிலை அடைகிறது.

இப்போது பாலத்தில் நேரத்துக்கு ஏற்ப மாறும் சுங்கம் வைப்போம். 8.15 க்குச் சுங்கம் இல்லை, பின்னர் படிப்படியாக ஏறி 9 மணிக்கு உச்சத்தைத் தொட்டு, 9.15 க்கு மீண்டும் சுழியம் ஆகிறது. ஒவ்வொரு நேரத்திலும் சுங்கம், அந்த நேரத்தில் முன்பு நின்ற காத்திருப்பின் மதிப்புக்குச் சமம். விளைவு வியப்பானது. 6,000 பேரும் முன்பு கடந்த அதே நேரங்களில்தான் கடக்கின்றனர். எவரும் பயணத்தைக் கைவிடவில்லை. ஆனால் வரிசை இல்லை. அனைவரும் அதற்கேற்ப வீட்டிலிருந்து தாமதமாகப் புறப்படுகின்றனர். முன்பு நேரமாகச் செலுத்தியதை இப்போது பணமாகச் செலுத்துகின்றனர். வரிசையில் கழிந்த நேரம் எவருக்கும் பயன்படாமல் அழிந்தது, சுங்கப் பணமோ பொது நிதியில் சேர்கிறது.

பாலத்தை இருமடங்கு அகலப்படுத்தினால் என்ன ஆகும்? நெரிசல் ஒரு மணியிலிருந்து அரை மணியாகச் சுருங்கும். ஆனால் 9 மணியை ஒட்டி வரிசை அப்போதும் நிற்கும். வேறு நேரத்திலும் வேறு வழியிலும் சென்றவர்கள் இப்பாலத்துக்குத் திரும்பினால் அந்த நன்மையும் குறையும். கணிப்பொறிப் பிணையங்களில் தரவுப் பொதிகளின் வரிசையை ஆராய்வோருக்கு இக்கோட்பாடு பழக்கமானதாகத் தோன்றும். பொதிகளுக்குச் சொந்தமாக முடிவெடுக்கத் தெரியாது, மனிதருக்குத் தெரியும் என்பதே வேறுபாடு. புறப்படும் நேரத்தை மனிதர் தாமே தெரிவு செய்கின்றனர் என்பதைக் கணக்கினுள் கொண்டு வந்தது விக்ரியின் சாதனை எனலாம். ரிச்சர்ட் ஆர்னாட், ஆந்திரே டி பால்மா, ராபின் லின்ட்சி ஆகியோர் பின்னர் இதனை விரிவுபடுத்தினர்.

எதிர்ப்புகள்

விக்ரியின் திட்டத்துக்கு வலுவான மறுப்புகள் எழுந்தன. முதலாவது நீதி பற்றியது. மேற்கண்ட கணக்கில் எல்லோருக்கும் நேரத்தின் மதிப்பு ஒன்றே என்று கொள்ளப்படுகிறது. உண்மையில், பணிநேரத்தைத் தாமே மாற்றிக்கொள்ளக்கூடிய அதிகாரிக்கும், 9 மணிக்கு வருகைப் பதிவு செய்தே ஆக வேண்டிய தொழிலாளிக்கும் சுங்கத்தின் சுமை ஒன்றல்ல. இந்த மறுப்பை எளிதில் ஒதுக்கிவிட முடியாது. சுங்கத் தொகை எங்கே செல்கிறது என்பதைப் பொறுத்தே இதற்கு விடை அமையும். நெரிசலில் சிக்கும் பேருந்துகளில் செல்வோரே பெரும்பாலும் ஏழைகள் என்பதும் கருதத்தக்கது. விக்ரி வருவாய்ப் பகிர்வில் அக்கறை கொண்டவர். தொடர்வண்டிக் கட்டணத்தைக் குறைவாக வைப்பதால் வரும் நட்டத்தை, அதே தொடர்வண்டியால் மதிப்பு உயரும் நிலத்தின்மீது வரி விதித்து ஈடுகட்ட வேண்டும் என்று ஹென்றி ஜார்ஜின் வழியில் நின்று வாதிட்டார்.

இரண்டாவது தனியுரிமை. ஹாங்காங் 1983 முதல் 1985 வரை சுமார் 2,500 வாகனங்களின் அடியில் மின் அடையாளக் கருவிகளைப் பொருத்திச் சோதனை நடத்தியது. விக்ரியின் 1959 ஆம் ஆண்டுத் திட்டத்துக்கு இதுவே மிக நெருங்கி வந்தது. தொழில்நுட்பம் வெற்றி பெற்றது, ஆனால் யார் எங்கே சென்றார் என்பதை அரசு அறிந்துவிடும் என்ற அச்சம் பரவியது. இது உள்ளிட்ட காரணங்களால் திட்டம் கைவிடப்பட்டது.

பிற பணிகள்

1961 இல் விக்ரி எழுதிய ஏலம் பற்றிய கட்டுரையில், மூடிய உறையில் மிக உயர்ந்த விலை கேட்டவர் பொருளைப் பெற்று, இரண்டாவது உயர்ந்த விலையை மட்டும் செலுத்தும் முறை ஆராயப்பட்டது. இம்முறையில் தம் உண்மையான மதிப்பை எழுதுவதே ஒருவருக்கு நன்மை தரும். இது விக்ரி ஏலம் என அழைக்கப்படுகிறது. நோபல் பரிசுக் குழு பாராட்டியதில் இதற்கு முதன்மையான இடம் உண்டு. விக்ரியோ இதனைத் தம் பணியில் ஒரு கிளைவழியாகவே கருதினார், மனித நலனுக்கு இதன் பங்கு சிறியது என்றே மதிப்பிட்டார். கடைசி ஆண்டுகளில் அவர் வற்புறுத்தியது முழு வேலைவாய்ப்பை. வேலையின்மையை 1 முதல் 2 விழுக்காட்டுக்குள் கொண்டுவருவதை அரசுகள் இலக்காகக் கொள்ள வேண்டும் என்றார். 1992 இல் அமெரிக்கப் பொருளியல் சங்கத்தின் தலைவராக இருந்தார்.

தனி வாழ்க்கையும் மறைவும்

விக்ரி 1951 இல் செசில் தாம்சனை மணந்தார். ஹட்சன் ஆற்றங்கரையில் உள்ள ஹேஸ்டிங்சில் வாழ்ந்து, புறநகர்த் தொடர்வண்டியில் பல்கலைக்கழகத்துக்கு வந்து சென்றார். நிலையத்திலிருந்து வளாகத்துக்குச் சக்கரம் பொருத்திய காலணியில் சறுக்கிச் செல்வது அவர் வழக்கமாக இருந்தது. கருத்தரங்குகளில் கண்மூடித் தூங்குவது போலத் தோன்றி, திடீரென விழித்துக் கூர்மையான கேள்வி கேட்பார் என மாணவர்கள் நினைவு கூர்வதுண்டு.

1996 அக்டோபர் 8 அன்று நோபல் பரிசு அறிவிக்கப்பட்டது. அப்போது அவருக்கு 82 வயது. பல ஆண்டுகளாக எவரும் செவிமடுக்காத தம் கருத்துகளைச் சொல்ல இது ஒரு மேடை என மகிழ்ந்தார். அக்டோபர் 11 அன்று மாசச்சூசெட்சின் கேம்பிரிட்ஜில் நடைபெறவிருந்த கருத்தரங்குக்குத் தாமே கார் ஓட்டிச் செல்கையில், நியூயார்க் மாநிலத்தின் ஹாரிசன் பகுதியில் நெடுஞ்சாலையில் மாரடைப்பால் இறந்தார். அவர் சார்பில் கொலம்பியாவின் பேராசிரியர் லோவல் ஹாரிஸ் பரிசைப் பெற்றுக்கொண்டார்.

நடைமுறையில்

பிரித்தானியாவில் ரூபன் ஸ்மீட் தலைமையிலான குழு 1964 இல் சாலைக் கட்டணம் இயலக்கூடியதே என அறிக்கை அளித்தது, ஆனால் அரசு அதைக் கிடப்பில் போட்டது. முதலில் செயல்படுத்தியது சிங்கப்பூர். 1975 சூன் மாதம் முதல், காலை நெரிசல் நேரத்தில் நகர்மையத்துக்குள் நுழையும் கார்கள் நாளொன்றுக்கு 3 சிங்கப்பூர் டாலர் கொடுத்து உரிமச்சீட்டை முகப்புக் கண்ணாடியில் ஒட்ட வேண்டியிருந்தது. 1998 இல் அதற்குப் பதிலாக மின்னணுக் கட்டணம் வந்தது. காரில் உள்ள கருவியில் முன்பணம் ஏற்றிய அட்டையைச் செருகியதால், மாதச் சீட்டு அனுப்பும் தேவையும் தனியுரிமை பற்றிய அச்சமும் குறைந்தன.

விக்ரியின் எண்ணம் இலக்காக மாறியதைச் சிங்கப்பூரில் நன்கு காணலாம். அங்கு விரைவுச்சாலைகளுக்கு மணிக்கு 45 முதல் 65 கிலோமீட்டரும், முதன்மைச் சாலைகளுக்கு 20 முதல் 30 கிலோமீட்டரும் உகந்த வேகமாக நிருணயிக்கப்பட்டன. வேகம் கீழ் எல்லைக்குக் குறைந்தால் கட்டணம் ஏறும், மேல் எல்லையைத் தாண்டினால் இறங்கும். சாலை மிகவும் காலியாக இருப்பதும் குறையே என்று இம்முறை ஏற்றுக்கொள்கிறது. 2008 இல் அளவிடும் முறையும் மாற்றப்பட்டது. சராசரி வேகத்துக்குப் பதிலாக, 85 விழுக்காடு ஓட்டுநர்களுக்கேனும் உகந்த வேகம் கிடைக்கிறதா என்று பார்க்கப்பட்டது. சராசரியில் சிலரின் விரைவு பலரின் தாமதத்தை மறைத்துவிடும் என்பதால் இது பொருத்தமான மாற்றமே. எனினும் வேகம் என்பது பிறருக்கு விளையும் தாமதத்துக்கு ஒரு மாற்று அளவுதான். விக்ரி விரும்பிய அளவு அதுவன்று.

இலண்டன் 2003 பிப்ரவரியில் நாளொன்றுக்கு 5 பவுண்டு கட்டணத்துடன் தொடங்கியது. நேரத்துக்கு நேரம் மாறாத அக்கட்டணம் விக்ரியின் கணக்கிலிருந்து விலகியது. ஸ்டாக்ஹோம் 2006 இல் ஏழு மாதம் சோதித்துப் பார்த்து, 2007 இல் நிலையாக ஏற்றது. அங்கு கட்டணம் நெரிசல் நேரத்தில் உயரும்.

விக்ரியின் சொந்த நகரான நியூயார்க்கில் மேயர் புளூம்பெர்க் முன்வைத்த திட்டம் 2008 இல் மாநிலச் சட்டமன்றத்தில் வாக்கெடுப்புக்கே வராமல் மடிந்தது. பின்னர் 2024 சூன் மாதத்தில் தொடங்கவிருந்ததும் கடைசி நேரத்தில் நிறுத்தப்பட்டது. 2025 சனவரி 5 அன்று, மன்காட்டனில் 60 ஆம் தெருவுக்குத் தெற்கே நுழையும் கார்களுக்குப் பகலில் 9 டாலரும் இரவில் 2.25 டாலரும் வசூலிக்கும் முறை நடைமுறைக்கு வந்தது. திரட்டப்படும் தொகை சுரங்கத் தொடர்வண்டி உள்ளிட்ட பொதுப் போக்குவரத்தின் சீரமைப்புக்கு உரியது. அத்தொடர்வண்டியின் கட்டணம் மட்டும் 2025 இலும் எந்த நேரத்துக்கும் எந்தத் தொலைவுக்கும் ஒன்றாகவே இருந்தது.